பாஸ் வேற, பெர்த் வேற

நான் பள்ளியில் படித்த காலத்தில், முழுப்பரீட்சை நெருங்கும்போது அப்பா ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அதுதான் பாஸ். பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 35 ஆண்டு வேலை பார்த்தவர் அவர். ரயில்வே குடும்பங்கள் வருடத்தில் சில தடவை இலவசமாகப் போய்வர அந்தக் காகிதம் கிடைக்கும். அது வந்த அன்றே எனக்கும் தம்பிக்கும் பாதி ஊர் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். அப்பா மட்டும் அசைய மாட்டார். மறுநாள் விடியும் முன்னே ரிசர்வேஷன் கவுண்ட்டருக்குப் போய், பாரம் நிரப்பி, வரிசையில் நின்று, பெர்த் நம்பர் கைக்கு வந்த பிறகுதான் அம்மாவிடம் "பெட்டி கட்டு" என்பார். "பாஸ் வேற, பெர்த் வேற" என்பது எங்கள் வீட்டில் காது புளிக்கக் கேட்ட வார்த்தை.

2025 மே மாதம் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, படம் எடுத்து அனுப்புங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். கையில் இருந்த பணம் அளவானது. யூரேல் பாஸ் வாங்கலாமா என்று இரண்டு மாதம் யோசித்து, கணக்குப் போட்டு, கடைசியில் அப்பாவிடம் விளக்கினேன். பாஸ் இருந்தால் 33 நாடுகளில் ரயில் கட்டணம் கிடையாது. ஆனால் இரவு வண்டியில் படுக்கை வேண்டுமானால் அதற்குத் தனியாக முன்பதிவு செய்து தனியாகப் பணம் கட்ட வேண்டும். நான் முடிக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்: "அதான் எனக்குத் தெரியுமே. பாஸ் வேற, பெர்த் வேற. எப்போ கவுண்ட்டர் திறக்குறாங்க?"

என் நண்பர்களில் பலர் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பாஸ் வாங்கியாகிவிட்டது, இனி எந்த வண்டியிலும் ஏறிப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். கிளம்ப 10 நாள் இருக்கும்போது படுக்கை தேடினால் ஒன்றும் இருப்பதில்லை. அப்புறம் சூரிச்சிலோ வெனிஸிலோ கடைசி நேர விலைக்கு அறை எடுத்து, மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு வருகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரேல், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரேல். லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோவில் இருக்கும் நம்மவர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரேல். குடியுரிமை எதுவாக இருந்தாலும் வசிப்பிடம்தான் கணக்கு. இரண்டுக்கும் விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். இன்டர்ரேலில் மட்டும் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் பாஸ் செல்லும். யூரேல் 1959இல் வந்தது. இன்டர்ரேல் 1972இல் இளைஞர்களுக்காகத் தொடங்கியது. இப்போது எல்லா வயதினருக்கும் உண்டு. 27 வயதுவரை நல்ல தள்ளுபடி, 60 தாண்டியவர்களுக்கு 10 சதவீதம் குறைவு. ஒரு மாதத்துக்குள் 5 பயண நாள் பயன்படுத்தும் இரண்டாம் வகுப்பு பாஸ் அப்போது 300 யூரோவுக்குச் சற்று மேலே இருந்தது. வருடத்தில் சில தடவை தள்ளுபடி போடுவார்கள். வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும் என்பதால் தள்ளுபடியில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தள்ளுபடி பாஸைத் திருப்பித் தர முடியாது. விசா கையில் இல்லாதவர்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

இன்னொரு பெயர்க் குழப்பம், நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. நமக்கு 'ஸ்லீப்பர்' என்றால் மலிவான வகுப்பு. அங்கே ஸ்லீப்பர்தான் விலை கூடியது: ஒருவர், இருவர் அல்லது மூவர் மட்டும் படுக்கும் அறை, உள்ளேயே கைகழுவும் தொட்டி. நாம் தேட வேண்டியது 'கூஷெட்'. ஓர் அறையில் ஆறு படுக்கை இருந்தால் நம் த்ரீ டயர், நான்கு இருந்தால் டூ டயர் என்று அப்பா ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார். அறைக்குக் கதவு உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. நடைபாதை அறைக்கு வெளியே ஓடுவதால் சைடு லோயர், சைடு அப்பர் தொல்லை கிடையாது. இதற்கும் கீழே வெறும் இருக்கை. அதுதான் மிக மலிவு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முன்பதிவு எப்போது திறக்கும் என்பது அப்பாவின் முதல் கேள்வி. நம் ரயில்வேயில் 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு ரயில்வேயும் தனித்தனி. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் என்ற இரவு வண்டிகளுக்குப் பொதுவாக 6 மாதத்துக்கு முன்பே திறக்கும். தண்டவாள வேலை நடக்கும் தடங்களில் அது தள்ளிப்போகும். டிசம்பர் இரண்டாவது வார இறுதியில் கண்டம் முழுக்கக் கால அட்டவணை மாறும். அந்தத் தேதிக்குப் பிந்தைய வண்டிகளுக்கு முன்பதிவு பெரும்பாலும் தாமதமாகத்தான் திறக்கும்.

அங்கே வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, ஆர்.ஏ.சி. இல்லை, தட்கல் இல்லை, மூத்த குடிமக்களுக்கென்று கீழ்ப்படுக்கை ஒதுக்கீடும் இல்லை. நிறைந்துவிட்டால் நிறைந்ததுதான். அதைவிட முக்கியமானது, பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வண்டியிலும் தனியாகக் கொஞ்சம் படுக்கைகள்தான் ஒதுக்கியிருப்பார்கள். அவை தீர்ந்துவிட்டால் வண்டியில் இடம் இருந்தாலும் பாஸ் விலையில் கிடைக்காது. முழு விலைக்குத் தேடினால் இடம் காட்டும், பாஸ் என்று தேர்ந்தெடுத்தால் இல்லை என்று சொல்லும். கோளாறு இல்லை, ஒதுக்கீடு தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யாராவது ரத்து செய்தால் மறுபடியும் தலைகாட்டும். நான் ஒரு படுக்கைக்காக ஒன்பது நாள், காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருந்து பிடித்தேன்.

ஆகவே திட்டம் போடும் வரிசையையே மாற்றிக்கொள்ள வேண்டும். பலரும் ஊர்களை முடிவு செய்துவிட்டு விடுதிகளைப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் ரயிலுக்கு வருகிறார்கள். நான் படுக்கைகளை முதலில் பிடித்தேன். எந்த இரவில் எந்த வண்டியில் இரண்டு படுக்கை, அதிலும் ஒன்று கீழ்ப்படுக்கை கிடைக்கிறதோ, அதை ஆணி அடித்தது மாதிரி வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள பகல்களை அதற்கேற்ப நிரப்பினேன். விமானத்தையே அப்புறம்தான் எடுத்தோம்.

எங்கே பதிவு செய்வது? நைட்ஜெட்டுக்கு ஆஸ்திரிய ரயில்வேயின் தளத்திலேயே செய்யலாம். பயணியின் பெயருக்குக் கீழே சலுகை அட்டை சேர்க்கும் இடத்தில் இன்டர்ரேல், யூரேல் பாஸைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்காரருக்கான விலை வரும். மேல், நடு, கீழ் என்று படுக்கையையும் கேட்கலாம். பாஸ் விற்கும் தளத்திலேயே பல நாட்டு வண்டிகளைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஆளுக்கு 2 யூரோ கூடுதலாக ஆகும். நேரடியாகச் செய்ய வழி இருந்தால் அந்த 2 யூரோவை மிச்சம் பிடிக்கலாம். வழி இல்லாத இடத்தில் தயங்காமல் கொடுத்துவிடலாம்.

விலை சொல்ல வேண்டுமானால், வியன்னாவிலிருந்து சூரிச் போகும் நைட்ஜெட்டில் கூஷெட் படுக்கைக்கு ஆளுக்கு 40 யூரோவுக்கும் 60 யூரோவுக்கும் நடுவில் கொடுத்தோம். தேதிக்கேற்ப அது ஏறும், இறங்கும். இத்தாலியின் உள்நாட்டு இரவு வண்டியில் அதைவிடக் குறைவு. பிரான்ஸில் பாரிஸ் ஓஸ்தர்லிஸ் நிலையத்திலிருந்து நீஸ், துலூஸ், பிரியான்சோன் என்று போகும் உள்நாட்டு இரவு வண்டிகளில் பாஸ்காரருக்குக் கூஷெட் சுமார் 20 யூரோதான். மேற்கு ஐரோப்பாவில் இதைவிட மலிவான படுக்கை எனக்குத் தெரிந்து இல்லை. கிழக்கே போகப் போக இன்னும் இறங்கும். புடாபெஸ்ட்டிலிருந்து புக்கரெஸ்ட் போகும் வண்டியைப் பலரும் பரிந்துரைப்பது அதனால்தான். முன்பெல்லாம் அந்த எல்லையில் நடு ராத்திரியில் எழுப்பிப் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியாவின் நில எல்லையும், நாடுகளுக்கு நடுவே பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. இப்போது தூக்கம் கெடுவதில்லை.

பாஸ் விற்பவர்கள் சொல்லாத ஒன்று: எல்லா இரவு வண்டிக்கும் பாஸைப் பயன்படுத்துவது லாபம் இல்லை. பல மாதத்துக்கு முன்பே எடுத்தால் சில வண்டிகளில் படுக்கையோடு சேர்ந்த முழு டிக்கெட்டே, பாஸ்காரர் கட்டும் முன்பதிவுக் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். அந்த இடத்தில் பாஸில் ஒரு நாளைச் செலவழித்தால் நஷ்டம். இரண்டு விலையையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு பயண நாளின் விலையைவிடக் குறைவாக இருந்தால் சாதாரண டிக்கெட்டை எடுத்துவிட்டு, அந்த நாளை நீண்ட பகல் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளின் விலை என்பது பாஸின் விலையைப் பயண நாட்களால் வகுத்தால் வருவது. எங்களுக்கு அது 60 யூரோவை ஒட்டி வந்தது.

பயண நாள் கணக்கில் இரவு வண்டிக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது. நள்ளிரவுக்கு முன் ஏறினால் ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு. காலையில் இறங்கியபின் வேறு வண்டி ஏறாவிட்டால் அடுத்த நாள் கரையாது. அதே போல, ஏறிய நாளின் பகல் முழுவதும் எத்தனை வண்டி வேண்டுமானாலும் போகலாம். வியன்னாவில் இரவு வண்டி ஏறும் நாளில் காலையிலேயே மெல்க் போய், மலைமேல் உள்ள மடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த தடவை இதை இன்னும் இழுத்தோம். சூரிச்சில் காலையில் ஏறி, 57 கிலோமீட்டர் நீளமுள்ள காத்தார்ட் சுரங்கத்தைக் கடந்து மிலான், அங்கிருந்து மதியம் ரோம், ராத்திரி ரோமிலிருந்து சிசிலித் தீவு. 1,500 கிலோமீட்டருக்கும் மேல், பாஸில் ஒரே ஒரு நாள். மிலானிலிருந்து ரோமுக்கு அதிவேக வண்டியில் போனால் பாஸ்காரரும் ஆளுக்கு 10 யூரோவுக்கு மேல் இருக்கைக் கட்டணம் தர வேண்டும். மெதுவான இன்டர்சிட்டியில் அது சில யூரோதான். அப்பாவின் வயதை நினைத்து நான் வேகமான வண்டியையே எடுத்தேன்.

வியன்னா வண்டியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராத்திரி ஒன்பதரை வாக்கில் வியன்னா மத்திய நிலையத்தில் ஏறினோம். அறையில் ஆறு படுக்கை, நாங்கள் இருவர், ஒரு இளம் தம்பதி, தனியாக ஒரு மாணவர், ஒன்று காலி. ஒவ்வொரு படுக்கையிலும் தலையணை, போர்வை, பை மாதிரித் தைத்த வெள்ளை விரிப்பு, தண்ணீர் பாட்டில். பணியாளர் வந்து டிக்கெட்டைப் பார்த்து, காலையில் டீயா காபியா என்று குறித்துக்கொண்டு போனார். அப்பா உட்காரவில்லை. நடுப் படுக்கையைத் தூக்கி நிறுத்தும் கொக்கியைத் தடவிப் பார்த்தார். ஏணி எங்கே மாட்டுகிறது, விளக்கின் வயர் எந்தப் பக்கம் போகிறது, படுக்கையின் விளிம்பில் தடுப்புப் பட்டை எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வண்டி கிளம்பும் முன் பிளாட்பாரத்தில் இறங்கி இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் குனிந்து நின்றார். "ஸ்க்ரூ கப்ளிங்தான். பக்கத்துல ரெண்டு பஃபர். நம்ம பழைய ஐ.சி.எஃப். பெட்டி மாதிரியே" என்று திரும்பி வந்தார். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி.

கீழ்ப்படுக்கையில் படுத்தவர் ஐந்தரை மணிக்கு என்னைத் தொட்டு எழுப்பினார். வண்டி ஏதோ ஒரு நிலையத்தில் நின்று, வந்த திசைக்கு எதிராக நகர ஆரம்பித்திருந்தது. ஆஸ்திரியாவைத் தாண்டி, லீக்டென்ஸ்டைன் என்ற சின்ன நாட்டைச் சில நிமிடத்தில் கடந்து, சுவிஸ் எல்லையில் உள்ள புக்ஸில் நின்றபோது எஞ்சின் மறுமுனைக்கு மாறியிருக்கிறது. அதற்கப்புறம் நாங்கள் தூங்கவில்லை. நடைபாதை ஜன்னலில் நின்றோம். வாலன் ஏரி தண்டவாளத்தை ஒட்டி வந்தது; எதிர்க்கரையில் பாறை செங்குத்தாக எழுந்து நின்றது. காலை உணவு இரண்டு பன், வெண்ணெய், ஜாம், காபி. அப்பா ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

சூரிச்சில் இறங்கியதும் சாமானை லாக்கரில் போட்டுவிட்டு, பாஸில் ஒரு நாளை வீணாக்காமல் உள்ளூர் டிக்கெட் எடுத்து ஷ்லீரென் போனோம். சில நிமிடப் பயணம். சுற்றுலாக்காரர்கள் யாரும் அங்கே இறங்க மாட்டார்கள். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப்., ஷ்லீரெனில் இருந்த ஒரு சுவிஸ் பெட்டித் தொழிற்சாலையின் வடிவமைப்பை வைத்துத்தான் தொடங்கியது. இந்தியா முழுக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஓடிய நீலப் பெட்டிகளின் வேர் அந்த ஊர். அந்தத் தொழிற்சாலை 1985இல் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டது. பெரம்பூர் அந்த வடிவத்தின் கடைசிப் பெட்டியை 2018 ஜனவரியில் வெளியே அனுப்பியது. அந்த நாளில் அப்பா அங்கே நின்றிருந்தார். இப்போது ஷ்லீரெனில் அந்த இடத்தை வாகி வளாகம் என்கிறார்கள், அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. அப்பா செங்கல் சுவர் ஒன்றின் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். தன்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அதை அனுப்பினார். சென்னையில் அப்போது உச்சி வெயில் நேரம். மூன்று நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன.

அடுத்தது சிசிலி வண்டி. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இரவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ரோம் தெர்மினியிலிருந்து இரவு வெகுநேரம் கழித்துக் கிளம்பும் இன்டர்சிட்டி நோத்தே, இத்தாலியின் தென்முனைவரை தரையில் ஓடி, அங்கே கப்பலில் ஏறுகிறது. பயணிகள் இறங்கிக் கப்பல் மாறுவதில்லை. ரயிலே கப்பலுக்குள் போகிறது.

கூஷெட் அறையில் நான்கு படுக்கை. எங்களோடு கத்தானியா ஊருக்குத் திரும்பும் ஒரு பெரியம்மா இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்கு இத்தாலியம் தெரியாது. கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பேசிக்கொண்டோம். காலையில் உங்களை எழுப்புகிறேன், தூங்கிவிடாதீர்கள் என்றார். விடியும் நேரத்தில் வில்லா சான் ஜொவான்னியில் வண்டி நின்றது. அவர் என் காலைத் தட்டினார். ஏசி சத்தம் நின்று போய், விளக்கு மங்கி, ஒரு நிமிடம் எந்த ஓசையும் இல்லை. அப்புறம் ஒரு இடி. பின்னாலிருந்து ஓர் எஞ்சின் எங்களைத் தள்ளியது. நடக்கும் வேகம்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் போய் இரும்புச் சுவர் வந்தது. வெள்ளையும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்த சுவர், தடித்த குழாய்கள், சங்கிலிகள். நின்றது. திரும்பவும் பின்னால் போனது. ரயில் மொத்தமும் ஒரே நீளத்தில் கப்பலுக்குள் அடங்காது. வெட்டி, துண்டு துண்டாகப் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் ஏற்றுகிறார்கள். எங்கள் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் எங்கள் ரயிலின் இன்னொரு பெட்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி, சக்கரத்தைத் தளத்தோடு பிணைத்திருந்த சங்கிலியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பணியாளர் ஒருவர் மேலே போகும்படி சைகை செய்த பிறகுதான் எழுந்தார். இரும்புப் படி ஏறி மேல்தளத்துக்குப் போனோம். கடல் காற்று முகத்தில் அடித்தது. பெரியம்மா எங்களுக்கும் சேர்த்து அரஞ்சினோ வாங்கி வந்தார்: கைக்குள் அடங்காத சோற்று உருண்டை, மேலே மொறுமொறுப்பு, உள்ளே கறிக்குழம்பு, சூடு நாக்கைச் சுட்டது. பாலெர்மோ பக்கம் இதையே அரஞ்சினா என்பார்களாம், அது தப்பு என்று கண்டிப்பாகச் சொன்னார். அரை மணிக்குள் மெசினா துறைமுகம் வந்துவிட்டது. வாயிலில் உயரமான தூணின் மேல் தங்க நிறத்தில் மாதா சிலை கை உயர்த்தி நிற்கிறது.

அப்போதுதான் அப்பா பேசினார். தனுஷ்கோடிக்குப் போட் மெயிலில் போய், அங்கே கப்பல் மாறித் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன கதையைத் தாத்தா அவருக்குச் சொல்லியிருக்கிறார். 1964 புயலோடு அந்த வழி போய்விட்டது. "அங்க ஆளுங்க கப்பல் மாறணும். இங்க ரயிலையே தூக்கி வச்சுட்டுப் போறான்" என்றார். நாங்கள் ஊரிலிருந்து கிளம்ப ஒரு மாதம் முன்னால்தான் புதிய பாம்பன் பாலம் திறந்திருந்தது. மெசினாவிலும் 3,300 மீட்டர் ஒற்றை வீச்சில் பாலம் கட்டுவதாகப் பல ஆண்டாகப் பேச்சு இருக்கிறது. பாலம் வந்தால் வண்டி வேகமாகப் போகும். நான் அதற்கு முன் இன்னொரு தடவை இந்தக் கப்பலில் போக ஆசைப்படுகிறேன்.

இப்போது இருக்கையைப் பற்றி. திரும்பி வரும் வழியில் ஓர் இரவு வண்டியில் எங்கள் டிக்கெட்டில் இருந்த எண்ணில் பெட்டியே இல்லை. கூஷெட் பெட்டி பழுதாகி, அதற்குப் பதிலாக இருக்கைப் பெட்டியைச் சேர்த்திருந்தார்கள். ஆறு பேர் எதிரெதிராக முழங்கால் இடிக்க உட்கார்ந்த அறை. விளக்கை அணைத்தாலும் ஒவ்வொரு நிலையத்திலும் யாராவது கதவைத் திறந்தார்கள். அப்பா கழுத்தைச் சாய்க்க இடமில்லாமல் விடிய விடிய விழித்திருந்தார். காலையில் இறங்கியவரின் கால் வீங்கியிருந்தது. அன்று பார்க்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு மதியத்துக்கே ஒரு அறை எடுத்துப் படுக்க வைத்தேன். அதற்கு ஆன செலவு இரண்டு படுக்கையின் விலையைவிட அதிகம். அதனால்தான் சொல்கிறேன், ஆளுக்கு 20, 30 யூரோ மிச்சம் என்று இரவு வண்டியில் இருக்கை எடுக்காதீர்கள். இருபது வயதில் முடியலாம். மறுநாள் பகல் உங்களுக்கு வேண்டும் என்றால் கூஷெட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது.

இப்படி நடந்தால் செய்ய வேண்டியது ஒன்று: வண்டியில் இருக்கும்போதே நடத்துநரிடம், படுக்கை கிடைக்கவில்லை என்று டிக்கெட்டில் எழுதி வாங்கிவிட வேண்டும். நான் வாங்கினேன். ஊருக்கு வந்து படிவம் அனுப்பியதில் முன்பதிவுக் கட்டணம் சில வாரத்தில் திரும்பி வந்தது. எழுதி வாங்காமல் வந்திருந்தால் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

விசாவுக்கும் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஷெங்கன் விண்ணப்பத்தில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று காட்ட வேண்டும். இரவு வண்டியில் போகும் நாட்களில் விடுதிப் பதிவு இருக்காது; பட்டியலில் ஓட்டை தெரியும். அந்த இரவுகளுக்குப் படுக்கை முன்பதிவின் நகலை வரிசையாகச் சேர்த்து, முன்னால் தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதி வைத்தேன். எங்களிடம் அதைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. படுக்கைகளை முதலில் பிடித்ததன் பலன் அங்கேயும் கிடைத்தது.

இந்த வண்டிகள் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மன் ரயில்வே தன் இரவு வண்டிகளை 2016 டிசம்பரில் நிறுத்தியபோது ஆஸ்திரியர்கள் ஒரு பகுதியை எடுத்து ஓட்டியதால்தான் இன்று நைட்ஜெட் இருக்கிறது. மாட்ரிட்டுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே ஓடியது 2020இல் நின்றது, திரும்ப வரவில்லை. பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் போன நைட்ஜெட்டுகள், பிரெஞ்சு அரசு உதவித்தொகையை நிறுத்தியதும் 2025 டிசம்பரில் நின்றுவிட்டன. ஒரு கூஷெட் பெட்டி இரவில் ஒரே ஒரு தடவைதான் ஆளை ஏற்றும். இருக்கைப் பெட்டியைவிடக் குறைவான பேர், ஆனால் விரிப்பு, சலவை, பணியாளர் என்று செலவு அதிகம். பாஸ்காரர் முன்பதிவுக்குக் கட்டும் தொகை அந்தச் செலவுக்குத்தான் போகிறது. அதை நினைத்துப் பார்த்த பிறகு, படுக்கைக்குத் தனிக் காசா என்ற வருத்தம் எனக்குப் போய்விட்டது. புதிதாக வருவதும் உண்டு. பிரஸ்ஸல்ஸிலிருந்து பெர்லினுக்கு 2023 மே மாதம் யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற சிறிய நிறுவனம் ஒரு வண்டியைத் தொடங்கி, 2024இல் அதைப் பிராகாவரை நீட்டியது. அதிலும் பாஸ் செல்லும். அதே போல நைட்ஜெட்டின் புதிய பெட்டிகளில் தனியாகப் போகிறவர் உள்ளே நுழைந்து மூடிக்கொண்டு படுக்கும் சின்னக் கூடுகள் இருக்கின்றன. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு அது நல்ல வசதி. எங்களுக்கு அந்த வண்டி வாய்க்கவில்லை.

அப்பா அந்தப் பயணத்தின் முன்பதிவுத் தாள்களை எல்லாம் பழைய ரயில்வே பாஸ்களின் நகல்கள் இருக்கும் ஃபைலிலேயே குத்தி வைத்திருக்கிறார். இப்போது அவர் கண் வடக்கே போயிருக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி நார்வேயின் நார்விக் வரை போகும் இரவு வண்டியை வரைபடத்தில் பார்த்துவிட்டார். தினமும் காலையில் காபி டம்ளரோடு என் அறைக்கு வந்து நிற்கிறார்.

"என்னம்மா, பெர்த் திறந்துட்டானா?"